இஸ்த்ரியாவுக்கு ஊர் விசாரிக்கப் போனது

சென் ஜேம்ஸ் ரவுண், ரொறன்ரோ
19 மே 1996

தம்பி சீமோன்,

நீ சுகமாய் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நான், மருமகள் அருள்மலர், பேத்தி மெலிசா மூன்று பேரும் சுகம். பதினாலாம் மாடிக்கு வருகிற லிஃப்ட் இரண்டு நாளாய் வேலை செய்யவில்லை. மற்றபடி குறை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மெலிசா ஒரு பெடியனை விரும்புகிறாள். பெயர் லிவியோ. வெள்ளைக்காரன். சப்வே தண்டவாளம் திருத்துகிற வேலை. தாய் தகப்பன் குரோவேசியாவில் இஸ்த்ரியா என்கிற மாவட்டத்திலிருந்து இருபத்தைந்து வருடத்துக்கு முதல் இங்கே வந்தவர்கள். நம்மைப் போல கத்தோலிக்க வேதக்காரர்தான்.

இந்த இடத்தில் நீ கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு எழும்பி நடப்பாய். நடந்து முடிந்த பிறகு வந்து மிச்சத்தை வாசி.

நம் வீட்டில் ஊர் விசாரிக்காமல் ஒரு பெண்ணையும் கொடுத்ததில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஐயா வண்டில் கட்டிப் போய் மூன்று நாள் தங்கி விசாரித்துவிட்டுத்தான் வந்தார். பெடியன் வெள்ளை என்பதற்காக அந்த முறையை நான் விடமாட்டேன். நீ இருக்கிற ஜெனோவாவிலிருந்து ரயிலில் போகலாம் என்று மெலிசா தேசப்படத்தில் காட்டினாள். அங்கே இத்தாலியன் பாஷையும் பேசுவார்களாம். நீ மன்னார் அரசாங்கக் கச்சேரியில் இருபத்தெட்டு வருடம் கிளாக்கராய் இருந்தவன். ஒரு மாவட்டத்தை ஆர் ஆளுகிறார்கள், அதில் என்னென்ன ஆக்கள், பார்க்க என்ன இருக்கிறது என்று விசாரிக்க உன்னைவிட எனக்கு வேறு ஆர்.

அகஸ்ரினைத் தெரியும்தானே. இப்போது இங்கே நம் ஊர்ச்சங்கத்துக்குத் தலைவர். போன ஞாயிறு பூசை முடிய என்னை மறித்து, "மாமி, உவை சண்டை பிடிச்சு உடைஞ்ச நாட்டு ஆக்கள். தாங்கள் என்ன இனமெண்டு அவைக்கே தெரியாது. உந்தக் கலியாணத்துக்குச் சங்கத்திலை ஒருத்தரும் வராயினம்" என்றார்.

"ஏன் தம்பி, நாங்கள் என்ன சண்டை பிடிக்காத நாட்டிலையிருந்தோ வந்தனாங்கள்?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

என் மகன் வின்சன்ற் இருந்திருந்தால் மெலிசாவைப் பீடம் வரைக்கும் அவன் கூட்டிப் போவான். அவன் போய்ப் பன்னிரண்டு வருடம். அவனுக்குத் தாய்மாமன் நீ. அந்த இடத்தில் நீதான் நிற்கவேண்டும். போய் விசாரித்துவிட்டுச் சம்மதமா இல்லையா என்று எழுது.

கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. போகச் சொல்கிறேன்.

அக்கா
லூர்த்தம்மா


ஜெனோவா
10 ஜூன் 1996

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தங்கள் மே 19ஆம் திகதிய கடிதம் கிடைத்தது. நடந்தேன். திரும்பி வந்து முழுவதும் வாசித்தேன்.

முடிவைத் தாங்கள் எடுத்துவிட்டீர்கள். முடிவெடுத்த பிறகு விசாரணை நடத்துவது கச்சேரியிலும் உண்டு. அதன் பயன் என்ன என்று எனக்குத் தெரியும். அகஸ்ரின் தனியாக எனக்கும் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. நாட்டை விட்டு வந்தோம். பிள்ளைகளாவது நம்மவர்களாக இருக்கட்டும் என்று நினைப்பது குற்றமா?

மேலும், நான் இங்கே சம்பளத்துக்குப் பராமரிக்கும் கிழவருக்கு எண்பத்தொன்பது வயது. அவரை விட்டு ஒரு நாள் அசைய முடியாது. விசாவும் எடுக்கவேண்டும். முடியாத காரியம் என்று தாழ்மையுடன் அறியத்தருகிறேன்.

அன்புத் தம்பி
சீமோன்


சென் ஜேம்ஸ் ரவுண்
28 ஜூன் 1996

சீமோன்,

தாழ்மையுடன் அறியத்தருகிற ஆளை எனக்குத் தெரியாது. நான் தூக்கி வளர்த்த தம்பியைத்தான் தெரியும். ஐஞ்சாம் வகுப்போடு என்னை நிற்பாட்டி உன்னைப் படிப்பித்த வீடு அது. அதற்காக நான் ஒரு நாளும் அழவில்லை. ஆனால் படித்தவன் பயந்து எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

போன சனிக்கிழமை லிவியோவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அகஸ்ரினையும் வேண்டுமென்றே கூப்பிட்டேன். பெடியன் நண்டுக் குழம்பைக் கையால் சாப்பிட்டான், ஓட்டைக் கடித்து உறிஞ்சினான். கடற்கரைப் பிள்ளை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அகஸ்ரின் அவனை இங்கிலீசில் கேட்டார். மெலிசா எனக்கு ஒவ்வொன்றாய்ச் சொன்னாள்.

"நீ என்ன ஆள்?"

"இஸ்த்ரியன்."

"அது இடம் தம்பி. நான் கேட்கிறது இனம். குரோவேசியனோ, இத்தாலியனோ?"

"அப்பாவின்ர அம்மா இத்தாலியன். அப்பாவின்ர அப்பா குரோவேசியன். அம்மா வீட்டிலை ஒரு ஸ்லோவேனியன் கிழவியும் இருந்தவ. என்னை ஆரை விடச் சொல்லுறீங்கள்?"

அகஸ்ரின் என் பக்கம் திரும்பினார். "ஒண்டிலையும் நிலையில்லாத ஆக்கள்" என்று தமிழில் என்னிடம் சொன்னார்.

"உங்கடை வீட்டிலை பாட்டி வழியை எவ்வளவு தூரம் தோண்டிப் பார்த்தனீங்கள் தம்பி?" என்றேன். அருள்மலர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

உன் கிழவருக்கு ஒரு கிழமைக்கு ஆள் பிடி. லிவியோவின் அப்பம்மா இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறாவாம். எண்பத்திரண்டு வயது, எவுபேமியா என்று பெயர். விலாசத்தைத் தனித்தாளில் மெலிசா எழுதியிருக்கிறாள்.

நீ போகாவிட்டால் நான் போவேன். கனடாப் பாஸ்போட் இருக்கிறது. பாஷை தெரியாது. சைகை தெரியும்.

லூர்த்தம்மா


ஜெனோவா
25 ஓகஸ்ட் 1996

அக்காவுக்கு,

போய் வந்தேன். இரண்டு எல்லை, இரண்டு விசா, ஆறு நாள். பார்த்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் நிர்வாகம். நம்முடைய அரச அதிபர் மாதிரி கொழும்பிலிருந்து அனுப்பப்படுகிற ஆள் அங்கே இல்லை. மாவட்டத்துக்குச் சனங்கள் வாக்குப் போட்ட சபை ஒன்று உண்டு. அந்தச் சபைதான் மாவட்டத் தலைவரைத் தெரிவுசெய்கிறது, ஆனால் தலைநகரமும் தலையாட்ட வேண்டும். பாசின் என்ற சிறு பட்டினம் மாவட்டத்தின் ஆசனம். பெரிய பட்டினம் பூலா. இதனால் ஒரு அலுவலுக்கு இரண்டு இடம் அலைகிறோம் என்று பஸ்ஸில் ஒருவர் முறையிட்டார். கச்சேரி வாசலில் கேட்ட அதே குரல்.

பல ஊர்களில் பெயர்ப் பலகை இரண்டு பாஷையில் நிற்கிறது, குரோவேசியனும் இத்தாலியனும். இரண்டும் சமம் என்று மாவட்டச் சபை எழுதி வைத்ததாம். தலைநகர நீதிமன்றம் அதில் சில பிரிவுகளை வெட்டிவிட்டதாம். ஆனாலும் நான் பார்த்த பலகைகளை ஒருவரும் கழற்றவில்லை. சிங்களப் பரீட்சை எழுதமாட்டேன் என்று ஏழு வருடம் பதவி உயர்வு இல்லாமல் இருந்தவன் நான். அந்தப் பலகை ஒன்றின் கீழே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான் நின்றேன்.

ஆக்கள்: குரோவேசியர்தான் கூடுதல். இத்தாலியர், சேர்பியர், ஸ்லோவேனியர், பொஸ்னியா முஸ்லிம்கள், அல்பேனியர் எல்லாரும் உண்டு. போன குடிசன மதிப்பில் ஆறு பேருக்கு ஒருவர் அளவில் இனம் என்ற இடத்தில் ‘இஸ்த்ரியன்’ என்றே எழுதினார்களாம். தலைநகரத்துக்குப் பிடிக்கவில்லை. எழுதியவர்கள் மாற்றவும் இல்லை. சண்டை இந்த மாவட்டத்துக்குள் வரவில்லை. வேறு மாவட்டத்து அகதிகளைக் கடற்கரை ஹோட்டல்களில் இருத்தியிருக்கிறார்கள். பல்கனியில் உடுப்புக் காய்கிறது.

பார்க்க வேண்டியவை: பூலாவில் ரோமர் கட்டிய வட்ட அரங்கு, கூரை இல்லை, சுவர் இன்னும் நிற்கிறது. பொரெச்சில் ஆயிரத்து நானூறு வருடக் கோயில், பீடத்துக்கு மேலே பொன்னிறக் கற்கள் பதித்த மாதா. முழந்தாளில் நின்று வின்சன்றுக்காக வேண்டினேன். ஒரு தீவில் இந்தியாவிலிருந்து வந்த இரண்டு யானை. ஒன்றுக்குப் பெயர் லங்கா. கிட்டப் போய்த் தமிழில் சுகம் கேட்டேன். ஜேர்மன்காரர் ஒருவர் என்னைப் படம் எடுத்தார்.

இனி விசாரணை. ஐயா சொல்லித்தந்த மாதிரி, ஆகாத வீட்டில்தான் முதல் கேட்டேன். எல்லைத் தகராறு உள்ள பக்கத்து வீட்டுக்காரர். "அரை மீற்றர் காணிக் கள்ளர்" என்றார். "குடிப்பார்களா?" என்று கேட்டேன். "வைன் குடிப்பார்கள், விழமாட்டார்கள்." "பெண்சாதியை அடிப்பார்களா?" "அந்த வீட்டில் அடிப்பது பெண்சாதிமார்." பங்குச் சுவாமியும் நல்லது சொன்னார்.

கடைசியாக எவுபேமியா கிழவியிடம் போனேன். ஒரு குன்றின் மேல் கல்வீடு. ஒஸ்திரியா ஆட்சியில் பிறந்து, இத்தாலி ஆட்சியில் கலியாணம் கட்டி, யூகோஸ்லாவியாவில் பிள்ளைகளை வளர்த்து, இப்போது குரோவேசியாவில் இருக்கிறா. "நாலு அரசாங்கத்துக்கும் இதே அடுப்பில்தான் சமைத்தேன்" என்றா. எனக்கும் அதிலேயே சமைத்துத் தந்தா.

சாப்பிட்ட பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் எதிர்ப்பக்கத்தைக் காட்டினா. பூட்டின வீடுகள், கூரைக்குள்ளால் மரம் வளர்ந்த வீடுகள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலிக்குப் போன இத்தாலியருடையவையாம். பயத்தில் போனார்களாம். "நாங்கள் சன்னலைச் சாத்திவிட்டு இருந்தோம்" என்றா. பிறகு, "நீ எங்கள் ஊரை விசாரித்துவிட்டாய். இனி நான் கேட்கிறேன். உங்கள் ஊரில் இப்படிப் பூட்டின வீடு இருக்கிறதா?" என்று கேட்டா.

"இல்லை. எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே ஆக்கள்" என்று சொன்னேன்.

குடும்பம் நல்ல குடும்பம். ஆனால் என் சம்மதத்தை இப்போது எழுதமாட்டேன். யோசிக்க வேண்டும்.

சீமோன்


சென் ஜேம்ஸ் ரவுண்
9 செப்ரெம்பர் 1996

சீமோன்,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். யானை வந்த இடத்தில் மட்டும் சிரித்தேன்.

ஊர் விசாரிக்கிற முறை உனக்குத் தெரியாததா? கேட்கிறவனுக்கு உரிமை இருக்கிறது போலக் கேட்கப்படுகிறவனுக்குக் கடமை இருக்கிறது. வலிப்பு இருந்தால் வலிப்பு என்று சொல்லவேண்டும். வழக்கு இருந்தால் வழக்கு. மறைத்துச் செய்த சம்பந்தத்தை மற்றப் பகுதி எப்போதும் உடைக்கலாம், அதை ஒருத்தரும் பிழை சொல்லமாட்டார்கள். அந்த மனுசி தன் ஊரின் வெட்கத்தை வாசலில் நின்று உனக்குக் காட்டினா. நீ நம்முடையதை மூடிவிட்டு அவ சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாய்.

ஊரில் நம் வீட்டுத் தெரு, அந்த ஒழுங்கையில் பதினொரு முஸ்லிம் வீடு. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் துவக்கோடு வந்த இயக்கப் பெடியள் ஸ்பீக்கரில் சொல்லிக்கொண்டு போனார்கள், முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் வெளிக்கிட வேண்டும் என்று. அடுத்த வீட்டு ஹலீமா உம்மா தலையில் ஒரு மூட்டையோடு என் வாசல் படலைக்கு வந்தா. "லூர்து, ஆட்டுக்குத் தண்ணி வையுங்க" என்றா. ஓம் என்றேன். போகாதையுங்கோ என்று சொல்லவில்லை. உள்ளே வாங்கோ என்றும் சொல்லவில்லை. அவையள் தோணி ஏறிக் கற்பிட்டிக்குப் போய் முகாமில் கிடக்கிறார்கள், ஆறு வருடமாய். அந்த ஆட்டை நான் நத்தார் பண்டிகைக்கு முதல் விற்றுவிட்டேன்.

இதை இதுவரைக்கும் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொல்லவில்லை. உனக்குத்தான் முதல் எழுதுகிறேன்.

எல்லாரும் ஒரே ஆக்கள் என்று நீ சொன்னாயே, அது எப்படி ஒரே ஆக்கள் ஆனது என்று அந்த மனுசிக்கு எழுது. அதுவரைக்கும் கலியாணத்துக்கு நாள் குறிக்கமாட்டேன். மெலிசா அழுகிறாள். அழட்டும். தன் சொல்லுக்காக நிறுத்தினேன் என்று அகஸ்ரின் சந்தோசப்படுகிறார். அந்தச் சந்தோசம் கனநாள் நிற்காது.

லூர்த்தம்மா


ஜெனோவா
30 செப்ரெம்பர் 1996

அக்கா,

இதை வாசித்தவுடன் கிழியுங்கள்.

நீங்கள் இருக்கிற கட்டிடத்தில் நம் ஊர் ஆக்கள் எத்தனை குடும்பம்? இந்தக் கதையை வாயால் எடுத்தவர்களைத் துரோகி என்று சொல்வார்கள். அருள்மலர் அவர்களோடு ஒரே வானில்தான் பக்டரிக்குப் போய் வருகிறாள். யோசித்தீர்களா?

அதுவும் முழுக் காரணம் இல்லை. அந்தக் கிழமை பெடியள் என்னிடமும் வந்தார்கள். "ஐயா, நீங்கள் கச்சேரி ஆள். ஒழுங்கை ஒழுங்கையாய் வீட்டுக்காரற்றை பேரை எழுதித் தாங்கோ, ஆக்களை எண்ண வேணும்" என்றார்கள். எழுதினேன். அழகாக, கோடு போட்டு, வீட்டிலக்கத்தோடு எழுதினேன். ஹலீமா உம்மாவின் வீடும் அதில் உண்டு. எழுதாவிட்டால் வேறொருவன் எழுதியிருப்பான் என்று ஆறு வருடமாய் எனக்கு நானே சொல்லுகிறேன்.

அந்தக் கிழவி கேட்டபோது என் வாயில் ‘இல்லை’ என்ற சொல் தானாக வந்தது. என்னால் எழுத முடியாது. கலியாணத்தை என்னை விட்டுவிட்டு நடத்துங்கள்.

சீமோன்


சென் ஜேம்ஸ் ரவுண்
20 ஒக்ரோபர் 1996

சீமோன்,

கிழிக்கவில்லை. நான் கடிதம் கிழிக்கிற ஆள் இல்லை.

அன்றைக்கு முழுக்க நான் சமைக்கவில்லை. நீ எழுதினதை மெலிசாவுக்கும் சொல்லவில்லை, அருள்மலருக்கும் சொல்லவில்லை. அது உன்னுடையது. நீதான் சொல்லவேண்டும்.

என்னுடையதை நான் சொல்லிவிட்டேன். லிவியோவின் தாய் குசினி மேசையில் இருந்து எழுத, நான் தமிழில் சொல்ல, மெலிசா இங்கிலீசில் சொல்ல, எவுபேமியாவுக்குக் கடிதம் போயிற்று. ஆட்டையும் எழுதச் சொன்னேன். லிவியோவின் தாய் பேனையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தா. "எழுதுங்கோ" என்று கையால் காட்டினேன்.

பிறகு போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் சங்கக் கூட்டம். அகஸ்ரின் எழும்பி, "லூர்த்தம்மா மாமி நல்ல முடிவு எடுத்திருக்கிறா. தெரியாத ஆக்களோடை சம்பந்தம் வேண்டாம் எண்டு கலியாணத்தை நிப்பாட்டியிருக்கிறா" என்றார். கை தட்டினார்கள்.

நான் எழும்பினேன். "நிப்பாட்டினது அவையின்ரை ஊர் பிழையெண்டில்லை. எங்கடை ஊரைப் பற்றிப் பொய் சொல்லிப் பெண் குடுக்கக் கூடாதெண்டு" என்று தொடங்கி, பதினொரு வீட்டையும் சொன்னேன்.

"மாமி, உதுகளை இங்கை கதைக்கக் கூடாது."

"எங்கை கதைக்கிறது? கற்பிட்டியிலையோ? வாங்கோ, போவம்."

"பேந்து பிரச்சினை வரும்."

"எனக்கு அறுபத்தாறு வயசு தம்பி. என்ன பிரச்சினையெண்டு விவரமாச் சொல்லும்."

பாதிப் பேர் எழும்பிப் போய்விட்டார்கள். மிச்சப் பேர் நிலத்தைப் பார்த்தார்கள். ஒரு மனுசி மட்டும் வெளியே வந்து என் கையைப் பிடித்தா. அடுத்த நாள் அந்த வான்காரர் அருள்மலரை ஏற்றவில்லை. அவள் பஸ்ஸில் போனாள். இப்போதும் பஸ்ஸில்தான் போகிறாள். "பரவாயில்லை மாமி, வானிலை அவையின்ரை பாட்டுத்தான் சகிக்கேலாது" என்றாள். என் மருமகள்.

நாள் இன்னும் குறிக்கவில்லை. என் பாதிதான் போயிருக்கிறது.

லூர்த்தம்மா


ஜெனோவா
24 நவம்பர் 1996

அக்கா,

எழுத முடியாது என்று சொன்னேன். அதனால் நேரே போனேன்.

எவுபேமியா அடுப்படியில் இருந்து அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தா. உங்கள் கடிதம் மேசையில் இருந்தது. நான் நின்றபடியே சொன்னேன். பட்டியல், கோடு, வீட்டிலக்கம், எல்லாம். கை நிற்காமல் கொட்டை உரித்துக்கொண்டே கேட்டா. நான் முடித்ததும் கடைசிக் கொட்டையையும் உரித்துச் சட்டியில் போட்டா.

பிறகு சொன்னா: "நீ எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதனால் நான் மன்னிக்க முடியாது. ஆனால் பெட்டை எந்த வீட்டிலிருந்து வருகிறாள் என்று இப்போது எனக்குத் தெரியும். போன தரம் தெரியாது. எங்கள் பக்கம் சம்மதம் என்று எழுது."

எழுதிவிட்டேன். என் சம்மதமும் அதுதான், அதற்கு இன்னும் ஏதாவது மதிப்பு இருந்தால்.

ஆனால் அக்கா, வின்சன்றின் பிள்ளையின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் வர எனக்குத் தகுதி இல்லை. நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள். நான் வரவில்லை.

தம்பி
சீமோன்


சென் ஜேம்ஸ் ரவுண்
8 டிசெம்பர் 1996

என் தம்பிக்கு,

ஜனவரி 25, சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்குக் கலியாணம். நாள் குறித்தாயிற்று, சுவாமியிடமும் சொல்லியாயிற்று.

தகுதி உள்ள ஆள் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை கோயில் வாசலிலேயே கிழவியாகிவிடுவாள். ஆடு விற்ற நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். அப்படித்தான் அவள் நடக்கப் போகிறாள். மெலிசாவிடம் சொல்லவேண்டியதை நீ வந்து, முதல் நாளே, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லு. அதற்குப் பிறகும் அவள் கையைத் தந்தால் பிடி. தராவிட்டால் பின்னால் நட. வராமல் மட்டும் இருக்காதே.

சங்கத்தில் பாதிப் பேர் வராயினமாம். வராதவர்களுக்குச் சோறு மிச்சம். லிவியோவின் ஆக்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களுக்குள் ஆர் என்ன இனம் என்று நான் கேட்கவில்லை. எல்லாருக்கும் நண்டு வைக்கிறேன்.

நம் முறைப்படி அயலுக்குத்தான் முதல் கார்ட் கொடுக்க வேண்டும். கற்பிட்டி முகாமுக்கு ஹலீமா உம்மா பெயருக்கு முதல் கார்டை அனுப்பிவிட்டேன். போய்ச் சேருமோ தெரியாது. சேர்ந்தாலும் அவ வரப்போவதில்லை என்று தெரியும். கோயிலில் நம் பக்கம் முன்வரிசை மரவாங்கு ஒன்றை அவையளுக்கென்று வெறுமையாய் விடச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தரையும் இருக்கவிடமாட்டேன்.

அகஸ்ரின் எப்படியும் வருவார், வேடிக்கை பார்க்க. வந்து, இந்த வாங்கு ஆருக்கு என்று கட்டாயம் கேட்பார்.

நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு.

அக்கா
லூர்த்தம்மா